விசிலைக் கையில் வைத்திருந்த நாட்கள்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மேல்காற்று. மலைப்பக்கம் மேகம், ஊருக்குள் புழுதி மட்டும். கறுப்புச் சட்டை தேய்த்தாயிற்று. காலுறையில் ஓட்டை. உள்பக்கம் மடித்துப் போட்டால் தெரியாது.

எடுத்துப் போக: விசில் இரண்டு. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. டாஸ் போட ஒரு நாணயம். பென்சில். மாமாவின் வாட்ச். தண்ணீர்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, கோர்ட்டுக்கா போற? வக்கீலு கணக்கா இருக்க."

"ரெஃப்ரி டிரெஸ்சும்மா."

"வெளையாண்டுக்கிட்டு இருந்தவன்தான. இப்ப ஏன் வெளையாடாம ஓட மட்டும் போற?"

நல்ல கேள்வி. முட்டிச் சவ்வு கிழிந்ததை அவளிடம் எத்தனை தடவை சொல்வது. நேராக ஓடலாம், திருப்பி வெட்டி ஆட முடியாது. ரெஃப்ரிக்கு அது போதும்.

(மாலை) ரெஃப்ரி தேர்வில் பாஸான பின் முதல் ஆட்டம். ராஜபாளையத்திலேயே, பள்ளிப் பையன்கள். சொதப்பல்.

வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விசிலை வாயில் கடித்துக்கொண்டு ஓடாதே. கையில் வைத்திரு. கையிலிருந்து வாய்க்குப் போகிற நேரத்தில்தான் புத்தி வேலை செய்யும். பயத்தில் முதல் நிமிடத்திலிருந்தே வாயில் வைத்துக்கொண்டேன். ஒரு பையனைப் பின்னாலிருந்து தட்டிவிட்டார்கள். ஊதிவிட்டேன். தட்டிவிடப்பட்ட பையனோ தடுமாறி எழுந்து, ஓடி, கோலே போட்டுவிட்டான். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் அது கோல். ஊதிவிட்ட பிறகு செல்லாது.

அந்தப் பையன் என் முன்னால் வந்து நின்றான். "சார், விழுந்ததும் நான். கோலு போனதும் எனக்கா?"

ஃப்ரீ கிக் கொடுத்தேன். சுவருக்கு மேலே போயிற்று. தோற்றார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பகல் ஷிஃப்ட். உள்ளே வெக்கை, பஞ்சுத்தூசி. மில் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். மைதானத்திலும் எனக்குக் கை ஜாடைதான். யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வாயைத் திறந்து யாரிடமாவது முழுதாக ஒரு வாக்கியம் சொன்னேனா தெரியவில்லை.

கேன்டீனில் கருப்பசாமி. எங்கள் தெரு அணியில் அவன் கோல் கீப்பர், அவனுக்கு முன்னால் தடுத்து ஆடும் பேக் நான். எட்டாம் வகுப்பிலிருந்து. இப்போது நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சே அமைதியாகிறது.

"வாங்க சார்," என்றான்.

"போலே."

"இல்லலே, மரியாத குடுக்கணும்லா. நீ அட்டைய கிட்டைய காட்டிப்புட்டன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். அவர்கள் நிறுத்திய பிறகும் நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நாக் அவுட் தொடங்குகிறது. பெரியவர்கள் ஆட்டம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு ஆட்டமாவது நடுவில் நின்று ஊத வேண்டும். கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டே காலம் தள்ளினால் யார் கண்ணிலும் பட மாட்டேன். அடுத்த கிரேடும் கிடையாது.

ஜூன் 14, சனி

ஸ்ரீவி. பஸ்சில் நின்றுகொண்டே போனேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பாதி காற்றில் போய்விட்டது.

போட்டிச் செயலாளர் நாற்காலியில். வெள்ளை வேட்டி, காதில் ப்ளூடூத். என் சான்றிதழைப் பார்க்கவில்லை.

"தம்பி எந்த ஊரு?"

"ராஜபாளையம்ணே."

"ராஜபாளையத்துல எங்கன?"

சொன்னேன்.

"அங்கன எந்தத் தெரு?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது. ஓர் ஆளின் சாதியைக் கேட்காமல் கேட்பதற்கு எத்தனை வழி வைத்திருக்கிறார்கள். ஆஃப்சைடு தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, நீ கொடி பிடி. நடுவுல நம்ம அனுபவசாலிங்க பாத்துக்கிடுவாவ."

அனுபவசாலி ஒருவன் என்னோடு ஒரே நாளில் பாஸானவன்.

டீ வந்தது. மேசையில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எனக்குப் பேப்பர் கப். கிளாஸ் தீர்ந்துபோயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்கவும் முடியாது. குடித்தேன். ஆறிப்போன டீ.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி கொடி. நாலு ஆட்டம். கெண்டைக்கால் கல்.

காதில் விழுந்தவை:
"ஏலே கொடி, தூங்குதியா?"
"எவம்லே இவன, கண்ணு தெரியாதவன நிறுத்தி வச்சிருக்கான்."
"தம்பி, செத்த நவுலு, மறைக்குது." (இவர் மட்டும் மரியாதை.)

ரெஃப்ரிகள் எந்த அணியோடும் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று விதி. மத்தியானம் செயலாளரும் அனுபவசாலிகளும் செங்கழுகு அணிப் பையன்களோடு வேப்பமரத்தடியில் பிரியாணி. கடைக்காரர்கள், மில் முதலாளிகளின் பிள்ளைகள் அந்த அணி. ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி பூட்ஸ். விதி எனக்கு மட்டும் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய் பரோட்டா தின்றேன். எதிரில் யாரும் உட்காரவில்லை. சர்வர்கூட சால்னாவை வைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

ஜூன் 18, புதன்

சாரல். துணி காயவில்லை.

செயலாளர் போன். சனிக்கிழமை அரையிறுதிக்கு மதுரையிலிருந்து வர வேண்டியவருக்குக் காய்ச்சலாம். அனுபவசாலிகளுக்கு அன்று ஒரு கல்யாணமாம்.

"நீயே ஊதிரு தம்பி. செங்கழுகும் தளவாய்புரமும். பாத்து ஊது, என்ன?"

பாத்து என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேன்டீனில் கருப்பசாமியிடம் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்து உட்கார்ந்தான். "தளவாய்புரம் நம்ம பயலுவ அணிலே. நைட்டி தைக்கிற பயலுவ. அம்புட்டுப் பேரும் நம்ம சனம்தான். நான் வாரேன். தெருவே வரும்."

அவன் தட்டிலிருந்து அப்பளம் எடுத்தேன்.

வேலை முடிந்து மில் ரோட்டில் ஓடினேன். விசில் வலது கையில், கயிறு விரலில் சுற்றி. கையில். கையில். கையில்.

ஜூன் 21, சனி

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

டாஸுக்கு முன்னால் தளவாய்புரம் ஸ்ட்ரைக்கர் செல்வம் வந்தான். இருபது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. "அண்ணே, நீங்க எந்தத் தெரு?"

சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம அண்ணன்."

எனக்கும் உள்ளே இனித்தது. எழுதுகிறபோதுதான் உறைக்கிறது, செயலாளர் கேட்டதும் இதே கேள்விதான்.

நல்ல ஆட்டம். செங்கழுகு முதலில் அடித்தது. தளவாய்புரம் சமன். செங்கழுகு கேப்டன் பிரபு ஒவ்வொரு ஊதலுக்கும் வந்து மூஞ்சிக்கு நேரே நின்றான். "ஒழுங்கா ஊதுறா" என்றான் ஒருமுறை. மஞ்சள் காட்டினேன். எங்கள் தெரு இருந்த பக்கம் கூரை பிய்கிற மாதிரி சத்தம். கருப்பசாமி சட்டையைக் கழற்றிச் சுற்றினான். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

கடைசி நிமிடம். கார்னர். கூட்டத்துக்குள் பந்து செல்வத்தின் நெஞ்சுக்கு வந்து, நெஞ்சில் படாமல் முழங்கைக்குக் கீழே பட்டு, காலுக்கு இறங்கியது. அடித்தான். கோல்.

வேண்டுமென்று தொடவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் தெரியாமல் பட்டிருந்தாலும், கையில் பட்ட கையோடு போட்டவனுக்கு அது கோல் இல்லை. சட்டம். கொடிக்காரன் மறுபக்கம், அவனுக்குத் தெரியாது. செங்கழுகு கீப்பருக்கும் தெரியவில்லை, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். தெரிந்தது இரண்டு பேருக்கு. செல்வம் ஓடவில்லை, குதிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

விசில் கையில் இருந்தது.

வாயில் இருந்திருந்தால் யோசிக்காமல் ஊதியிருப்பேன். கையில் இருந்ததால் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் சட்டம் நினைவுக்கு வரவில்லை. பேப்பர் கப் வந்தது. 'எந்தத் தெரு' என்ற கேள்வி வந்தது. கருப்பசாமியின் தட்டு வந்தது. நடுக்கோட்டைக் காட்டி ஓடினால் போதும், ஒரு பயலுக்கும் தெரியாது. புத்தி வேலை செய்யும் என்றார்களே, இப்படித்தான் செய்தது.

அப்புறம் கை தூக்கினேன். ஊதினேன். என் முழங்கையைத் தட்டிக் காட்டினேன்.

பெனால்டி ஷூட் அவுட்டில் செங்கழுகு ஜெயித்தது.

ஒரு செருப்பு வந்து விழுந்தது. எங்கள் தெருப்பக்கமிருந்து. யாருடையது என்று பார்க்கவில்லை. பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

செல்வம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் போயிருக்கக் கூடாது. போனேன்.

"பட்டுச்சுல்லா?" என்றேன்.

"பட்டுச்சு." நிமிரவில்லை. "நீங்க பாத்தீங்கன்னும் தெரியும்ணே. நான் இல்லன்னா சொன்னேன்?"

"பொறவு?"

"அவிய ஆளுங்க நமக்கு எதிரா எம்புட்டோ பாக்காம இருந்திருக்காவ. நீங்க ஒன்னே ஒன்னு பாக்காம இருந்திருக்கலாம்."

மேசைப் பக்கம் நடந்தேன்.

செயலாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். இதுவரை கொடுத்ததில்லை. மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி: "அந்தத் தெருவுல இருந்து இப்படி ஒரு நேர்மையான பிள்ளையா. ஆச்சரியமா இருக்குப்பா. நாளைக்கு ஃபைனலும் நீதான்."

டீ கண்ணாடி கிளாஸில் வந்தது. சூடாக. குடிக்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பஸ்சில் எங்கள் தெருப் பையன்கள் பின்னால். நான் முன்னால் டிரைவர் பக்கம். கருப்பசாமி எனக்கு முன்பே இறங்கிப் போய்விட்டான்.

ஜூன் 22, ஞாயிறு

காற்று நின்றிருக்கிறது. புழுக்கம்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. குழாயடியில் சொல்லியிருப்பார்கள். இட்லி வைத்தாள். "கையில பட்டது நெசமாலே?"

"நெசம்."

"பொறவென்ன. தின்னுட்டுப் போ." உள்ளே போய்விட்டாள். நேற்றிலிருந்து யாராவது சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கருப்பசாமிக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது.

போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டில் நின்றேன். போகாவிட்டால் அந்தத் தெரு பயந்துவிட்டது என்பார்கள் ஸ்ரீவியில். போனால் அவர்கள் ஆளாகிவிட்டான் என்பார்கள் எங்கள் தெருவில். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

(இடைவேளை. உடை மாற்றும் அறையில் நான் மட்டும். பென்சிலால் எழுதுகிறேன்.)

செங்கழுகும் சிவகாசியும். இதுவரை கோல் இல்லை.

டாஸுக்கு இரண்டு கேப்டன்களும் நடுவுக்கு வந்தார்கள். சிவகாசிப் பையன் முகத்தில் பயம், நான் யார் பக்கமோ என்று. பிரபு நேற்று "ஊதுறா" என்றவன். இன்று வந்து என் தோளில் கை போட்டான். கனமான கை, சென்ட் வாசனை.

"கவலப்படாத நண்பா," என்றான் சிவகாசிப் பையனிடம். "அண்ணன் நம்மாளு."

"கைய எடு," என்றேன்.

சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

"கைய எடுலே."

எடுத்தான். சிவகாசிப் பையனைப் பார்த்து, தலையா பூவா என்று கேட்டேன்.