வேலிக்கு நட்ட சீமைப்பூ

தொம்மலூர், பெங்களூர்
1-5-1955

அன்புள்ள அலமேலு அக்காவுக்குத் தம்பி தனகோட்டி வணங்கி எழுதுவது. நான் இரும்புத்தூண் மாதிரி இருக்கிறேன். உங்கள் மூட்டுவலியும் பசு செங்கமலமும் எப்படி?

தைக்கு வந்தபோது, நான் மேஸ்திரி வேலை பார்க்கும் துரை தோட்டத்துச் செடியை உங்கள் தொழுவத்தைச் சுற்றி வேலியாக நட்டேனே, சீமை மகாராணி தலையில் வைக்கும் பூ என்று சொல்லி? அது இங்கே தோட்டத்தைத் தாண்டி ஏரிக்கரை முழுதும் காடாகிவிட்டது. புல் காய்ந்துபோனதால் பால்கார முனிவெங்கட்டப்பாவின் எருமை அந்தத் தழையைத் தின்றது. கண் மஞ்சளாகி, வெயில் பட்ட தோல் வெடித்து, நாலாம் நாள் போய்விட்டது.

"ராணி தலைல வெக்கிற பூவுன்னியே மேஸ்திரி, என் எருமையப் பாடைல வெச்சிருச்சே!" என்று தெருவே கேட்கக் கத்தினார். நூறு பேர் கூடினார்கள். நான் அசரவில்லை. மாட்டு டாக்டருக்கே நான்தான் விளக்கம் சொன்னேன்.

நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் இன்றைக்கே வேலியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். செங்கமலம் ஒரு வாய் கடித்திருந்தாலும் நிழலில் கட்டி மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். அவள் பாலில்தான் உங்கள் அடுப்பு எரிகிறது. மகாராணி சங்கதி நானாகச் சொன்னது, அக்கா.

துரை கூப்பிடுகிறார். அரிசி வடகம் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். செங்கமலம் அசை போடுகிறாளா என்று மட்டும் யாரையாவது ஒரு கார்டில் எழுதச் சொல்லுங்கள். தபால்காரர் வரும் நேரம் கேட் ஓரமே நிற்பேன்.

தனகோட்டி