நீல மூடியும் கறுப்பு மூடியும்

மார்ச் 4

புதுப் பேருந்து கைக்கு வந்தது. "பதினெட்டு வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டினவர்" என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் சாவியைக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னால், "முதல்ல புகை எப்படின்னு பாக்கறேன்" என்கிறாள். போக்குவரத்துக் காவலர் ஆயிற்றே! என் தடத்து நாற்சந்தியில்தான் நாள் முழுக்க நிற்கிறாள். பழைய வண்டிக்கு அவள் கொடுத்த சான்றிதழ்: "திரும்பிப் பாக்கவே வேணாம். கண்ணு எரிஞ்சா நீங்கதான்."

மார்ச் 5

புது வண்டிக்கு இரண்டு மூடிகள். கறுப்பு மூடிக்குள் டீசல், நீல மூடிக்குள் யூரியாக் கரைசல்.

"யூரியா வயலுக்குப் போடறதாச்சேம்மா. வண்டி என்ன, முளைக்கவா போகுது?" என்றேன்.

டிப்போ மெக்கானிக்கம்மா சிரித்துவிட்டாள். "இது எஞ்சினுக்குள்ளயே போகாதுண்ணே. புகை போற குழாய்ல தெளிக்கும். அந்தச் சூட்டுல அமோனியாவா மாறி, புகையில இருக்கற நச்சு வாயுவப் பிடிச்சு, வெறும் நைட்ரஜனாவும் நீராவியாவும் ஆக்கிடும். கரித்தூளுக்கு வேற வடிகட்டி இருக்கு. இது கண்ணுக்குத் தெரியாத விஷத்துக்கு."

கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரி கண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே, இத்தனை நாளாய்!

மார்ச் 6

நாற்சந்தியில் சிவப்பு. அவள் விசிலை வாயிலிருந்து எடுத்து, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, கை காட்டினாள். தாண்டிய பிறகுதான் சிரித்தாள். கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.

மார்ச் 19

என்ன காரியம் பண்ணிட்டேன்!

காலையில் கரைசல் குறைவு என்று விளக்கு எரிந்தது. கேனை எடுத்து வந்தேன். கண்டக்டரோடு அரட்டை. அவன் டீ குடிக்கப் போனான். புனலை வைத்து ஊற்றினேன். பாதி கேன் போன பிறகுதான் குப்பென்று டீசல் வாடை. கறுப்பு மூடி!

சுற்றிலும் ஒருவருமில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டேன், திருகுவதுதான் பாக்கி. அரை கேன்தானே, டீசலோடு டீசலாய் எரிந்துவிடாதா? பதினெட்டு வருஷம்... அந்தப் பேர் என்னாவது? முதல் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நடுவழியில் நின்றுபோனால்? சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

சொன்னதும் மெக்கானிக்கம்மா முகம் வெளுத்துவிட்டது. "ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். "தப்பிச்சோம்ணே. பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போயிருக்கும்."

டேங்கைக் கழற்றி, வடித்து, கழுவ நாள் முழுக்க ஆயிற்று. ஓய்வறையில் மீசைக்கார டிரைவர், "என்னண்ணே, வண்டிக்கு உரம் போட்டீங்களாமே? எத்தன மூட்ட விளைஞ்சுது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 20

எழுத்தில் எச்சரிக்கை. முதல் கீறல். மேனேஜர் கத்தக்கூட இல்லை, கத்தியிருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். இவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழாத குறை. பிறகு எழுந்து நின்று, "எறங்கிப் போய்ச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள். நைட்டியில்.

மார்ச் 21

வண்டி கிளம்பியது. பிசிறில்லாத சத்தம்.

ஏப்ரல் 9

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து மீசைக்காரன் கையசைத்துக் கூப்பிட்டான். ஆளே வாடிப்போயிருந்தான்.

"அண்ணே, உங்ககிட்டதான் சொல்ல முடியும். கரைசல் கேன் வர நேரமாச்சு. நீல டேங்குல குழாய்த் தண்ணிய ஊத்திட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது."

கேலி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"வா, மெக்கானிக்கம்மாகிட்ட போலாம்."

"நீங்க எதுக்குண்ணே?"

"ரெண்டு பேரா போனா திட்டு பாதிப் பாதி."

சேர்ந்தே போனோம். தண்ணீரிலிருக்கும் உப்பு தெளிப்பானை அடைத்துவிடுமாம்; டேங்கைக் கழுவ வேண்டும், அவன் வண்டிக்கு இன்று ஓட்டமில்லை. அவன் பயணிகளையும் நானே ஏற்றிக்கொண்டேன். நிற்க இடமில்லாத கூட்டம். மீசைக்காரனும் ஏறிக்கொண்டு, படியோரம் நின்று கண்டக்டர் தந்த டிக்கெட்டுகளைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தான்.