வேலியோரம் நான்கு வேப்பமரங்கள்

1987 மார்ச் 9, திங்கள், காலை 7.20

தொழிற்சாலை வேலிக்கு வெளியே வேப்பமரம் நான்கு. நான்கிலும் இலை பறித்தாயிற்று.

பனியையே பார்க்காத ஊரில் பனிச்சறுக்குப் பலகைக்குத் தடவும் மெழுகு காய்ச்சுகிறோம். இந்தக் காலாங் தொழிற்பேட்டையிலிருந்து பெட்டி பெட்டியாக நார்வேக்குப் போகிறது. போன வருஷத்திலிருந்து அதில் ஃபுளோரின் சேர்மம். தண்ணீர் ஒட்டாது, அழுக்கு ஒட்டாது, சிதையாது - விளம்பரமே அதுதான். சிதையாதது புகைபோக்கி வழியே போனால் எங்கே போகும்? காற்றை அளக்கக் கருவி கேட்டேன். பட்ஜெட் இல்லையாம். சரி. வேப்பிலை மேலும் மெழுகுப் பூச்சுதான். அதில் இது ஒட்டும். மரத்தையே கருவியாக வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11

ஆய்வகத்தில் இலையை எரித்து, அந்தச் சேர்மத்திலிருந்து வரும் ஃபுளோரைடை அளந்தேன். ஒப்பிட எடுத்த, புகைபோக்கியே இல்லாத ஃபேரர் பார்க் மரத்து இலையில் மிகக் கொஞ்சம்தான். வேலியோர இலையில் அதைப்போல் முப்பது மடங்கு.

மார்ச் 12

புரொடக்‌ஷன் மேனேஜர் இயேசுதாசனிடம் அளவுகளை எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தூசி தம்பி. ஒரு மழை பேஞ்சா போயிடும்."

"போகாது சார்."

"கழுவிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. முட்டாள் நான்.

"அப்பப் பேசாத லா. அடுத்த மாசம் உனக்கு வேலை கன்ஃபர்மேஷன். மரம் எண்ணவா பாலிடெக்னிக் போனே?"

மீதி இலை வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. நாளை கழுவி எரிக்க வேண்டும்.

மார்ச் 13

ஃபிரிட்ஜில் இலைப் பை இல்லை.

தங்கை சுகுணாவுக்கு ராத்திரி அம்மை போட்டுவிட்டது. செகண்டரி த்ரீ படிக்கிற பதினைந்து வயசுப் பெண், முகமெல்லாம் முத்து. அம்மா என் இலையை மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் அலசிப் பாயில் பரப்பிவிட்டாள். கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்கவும் கொடுத்திருக்கிறாள்.

கத்தினேன். "யாரைக் கேட்டு எடுத்தே? அது விஷமா என்னன்னே தெரியாதும்மா!"

"ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. வேப்பிலையைப் போயி விஷங்கிறே. வாயைக் கழுவுடா!"

"அது எங்க ஃபேக்டரி மரத்து இலை."

"அதுக்கென்ன? இந்த பிளாக்ல எல்லாரும் அங்கதான் பறிக்கிறோம்."

எல்லாருமா? எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு?

பாயிலிருந்து ஒரு கை அள்ளினேன். கையைத் தட்டிவிட்டாள். மறுபடி அள்ளினேன்.

மார்ச் 14

மஞ்சளைத் தனியாக எரித்தேன். ஒன்றுமில்லை. அம்மா அலசிய இலையை எரித்தேன். அளவு கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தூசியாம், தூசி!

அம்மாவிடம் சொன்னேன்.

"மூணு தண்ணியிலயும் போகலையா?"

"போகலம்மா."

"புள்ள முழுங்கிட்டாளேடா."

பாயை அவளே உதறிப் போட்டாள். கெடுதல் செய்யுமா? எனக்குத் தெரியாது. இயேசுதாசனுக்கும் தெரியாது. தெரியாததை ஊரார் வாயில் வைக்க இவர்கள் யார்?

மார்ச் 16

இந்தத் தடவை இயேசுதாசன் தாளைப் படித்தார். முகம் மாறியது.

"இதுக்கு காப்பி இருக்கா?"

"வீட்டுல இருக்கு சார்."

"புதன்கிழமை மரம் வெட்ட ஆள் வருது. வேரு வேலியைத் தள்ளுதாம்."

"புகைபோக்கிக்கு ஃபில்டர்?"

"மரமே இல்லைன்னா அப்புறம் நீ எதை அளப்பே?"

சிரித்துவிட்டேன். "மெழுகு தேய்க்கிற ஊர்லயும் மரம் இருக்கு சார். அதையும் வெட்டுவீங்களா?"

கன்ஃபர்மேஷன் போச்சு. போகட்டும்.

மார்ச் 17

மரம் விழுந்தால் இலை அள்ள மொத்த பிளாக்கும் ஓடிவரும் என்றாள் அம்மா. எனக்கு இது தோன்றவே இல்லை. ஆகவே -

1. நாளை ரம்பம் வருமுன் நான்கு மரத்திலும் கிளையும் பட்டையும் எடுப்பது. மரத்துக்கு ஒரு பை.

2. அறிக்கை அரசாங்கத்தின் சுற்றுப்புற அமைச்சுக்கு. என் பெயர், அடையாள அட்டை எண்ணோடு. மொட்டைக் கடுதாசி கிடையாது.

3. ராஜினாமா எழுதமாட்டேன். வேண்டுமானால் அவர்களே வெளியே தள்ளட்டும்.

4. நார்வே வியாபாரிக்குக் கடிதம்: உங்கள் பனிச்சறுக்குப் பந்தயப் பாதையோரத்து மரங்களின் இலையையும் எரித்து அளந்து பாருங்கள்.

5. வேலியோரம் நான் காவல் நிற்பதாக இருந்தேன். அம்மா விடவில்லை. "நீ கத்துவே, எவளும் கேக்க மாட்டா. அம்மை கண்ட வீட்டுக்காரி நான் போயி நின்னா ஒருத்தி கிட்ட வரமாட்டா." அம்மா நிற்பாள். நான் சுகுணாவுக்கு விசிறுவேன்.