ஒரே வகைப் புழு

நேற்று காலை ஆய்வகத்தின் பின்னறை அலமாரியைத் திறந்தேன். ஃபார்மலின் வாடை கண்ணைக் கரித்தது. தட்டு முழுக்க உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய குப்பிகள். கடலடிச் சேற்றிலிருந்து நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்த புழுக்களும் பொடிச் சிப்பிகளும் சாயமேறி இளஞ்சிவப்பாய்க் கிடந்தன. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லி மேலாளரின் உத்தரவு.

அதற்கு முந்தைய நாள்தான் அதே மனிதர் உன் படத்துக்கு மாலை போட்டு, "கடலின் மகளை இழந்துவிட்டோம்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அது நனைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நனையவில்லை. கூட்டம் முடிந்ததும் வடையும் காப்பியும் வந்தன. வடை ஆறிப்போனதற்கு அவர் பட்ட வருத்தம் உண்மையானது.

கடல்நீரையும் சேற்றையும் சோதித்துச் சொல்லும் அந்த நிறுவனத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பூதப்பாண்டியில் வயலைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை போய் நின்று பார்க்கும் இடம். நீ இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையில் பிறந்தவள். முதல் தடவை வள்ளத்தில் ஏறியதும் நான் வாந்தியெடுத்தேன். நீ என் முதுகைத் தடவிவிட்டு, "ஏட்டி, மீனுக்குத் தீனி போட்டது போதும், சல்லடையப் பிடி" என்றாய். கயிற்றில் இறக்கிய இரும்புவாய் அடிச்சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அதைச் சல்லடையில் கொட்டி அலசுவோம். சேறு கரைந்து போனபின் நெளிகிறவைதான் நம் வேலை.

"மீனு நீந்திப் போயிரும், வெள்ளம் ஓடிப் போயிரும். இதுவளுக்குப் போக்கிடம் கெடயாது. அடியில நடந்தத இதுவகிட்டதான் கேக்கணும்" என்பாய். அப்போது ஒரு சல்லடையில் எத்தனை வகை! பெயர் தெரியாத ஒன்று கிடைத்தால் அன்று முழுக்க நீ பாடிக்கொண்டிருப்பாய்.

கரையில் மீன் பதப்படுத்தும் ஆலை வந்தது. அதன் கழிவுநீர்க் குழாய் கடலுக்குள் போனது. குழாயால் கடலுக்குக் கெடுதல் உண்டா என்று பார்த்துச் சொல்லும் வேலையை ஆலையே நம் நிறுவனத்திடம் கொடுத்தது. அடுத்த மழைக்காலம் கழிந்து சேறு எடுத்தபோது அது கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. சிப்பி இல்லை, நண்டுக் குஞ்சு இல்லை. நூல்போல ஒரே வகைப் புழு, பிடிபிடியாக. நீ பாடவில்லை.

மேலாளர் அட்டவணையைப் பார்த்து மலர்ந்துபோனார். "உயிரினங்களின் எண்ணிக்கை பலமடங்கு பெருகியுள்ளது. இப்படியே எழுதுங்க. இதுல பொய் எங்க இருக்கு?"

"பொணத்துலயும்தான் புழு பெருகும் சார். அதப் பாத்து ஆளு நல்லா இருக்குன்னு எழுதுவியளா?" என்றாய் நீ.

அவர் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். நீ என்னையே பார்த்தாய். எனக்குச் சொந்த ஊரிலேயே வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பசியோ பட்டினியோ இல்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே நீ விலகினாய். உன் நாற்காலி எனக்கு வந்தது. கண்ணாடித் தடுப்பும் குளிரூட்டியும் உள்ள அறை. ஒரு முதுகெலும்பின் விலைக்கு அதிகம்தான்.

பிறகு ஒரே ஒரு முறை வடசேரி பேருந்து நிலையத்தில் உன்னைக் கண்டேன். டியூஷன் பிள்ளைகளின் நோட்டுக்கட்டைச் சுமந்துகொண்டு, மெலிந்துபோய் நின்றாய். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். உனக்கு ஈரலில் நோய் என்பது உன் இறப்புச் செய்தியோடுதான் எனக்குத் தெரியவந்தது.

நேற்று குப்பிகளை அப்புறப்படுத்தவில்லை. உன் அசல் அட்டவணைகளை எடுத்து, என் கையெழுத்து உள்ள அறிக்கை தவறானது என்று எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதை அங்கே ஒருவர் பிரித்து, இன்னொருவர் முத்திரை குத்தி, மூன்றாமவர் ஏதோ ஒரு கட்டில் செருகிவிடுவார் என்பது தெரியும். ஆனாலும் ஏதோ சாதித்துவிட்டவள்போல, தபால் ரசீதோடு இராஜாக்கமங்கலத்துக்குப் பேருந்து ஏறினேன். உன் அம்மா என் கையைப் பிடித்து அழுவார், உனக்கும் சேர்த்து அவரே என்னை மன்னிப்பார் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு போனேன். எவ்வளவு மலிவான ஆள் நான் என்று பார்.

அம்மா வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்த்தவள் என்று சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னேன். ரசீதையும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கையெல்லாம் மீன் என்றார்.

"அம்மா, அவ என்னப் பத்தி ரொம்பத் திட்டியிருப்பால்லா?"

அவர் நெத்திலியைப் புரட்டிப் போட்டபடி யோசித்தார். என்னை நோகடிக்கும் எண்ணம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"இல்ல மக்கா. அந்த ஆபீசப் பத்தி நெறையச் சொல்லுவா. வள்ளத்துல போனது, சேறு அள்ளுனது, அந்த மேலாளரு, எல்லாம் சொல்லுவா. கூட ஒருத்தி இருந்தான்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், கூடவே கொண்டு திரிகிறேன்.