தமாதாவின் மேசையில் இரண்டு இரவுகள்

திபிலிசி,
4 செப்டம்பர் 2018

ஜும்பேருக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். போத்தியில் கடல் காற்றும் உன் தம்பி மனைவியின் சமையலும் இருக்கும்போது என்ன குறை? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வியன்னாவிலிருந்து நம் மகள் ஷோரேனா ஒரு வேலை செய்திருக்கிறாள். நம் முப்பதாவது திருமண நாளுக்கென்று தெலாவிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு இரவு பதிவு செய்துவிட்டாள். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் நீச்சல் குளம், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ள வெள்ளை அங்கி, எந்தத் தலையணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தனி அட்டை. ஆனால் ஒரே அறை. நான்கு வருடமாக நாம் பிரிந்திருப்பது தெரிந்துமா என்று கேட்டேன். "தெரியும்மா. அதுக்குத்தான்" என்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா என்று கோடையிலிருந்து உன் தம்பியை விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். ஹோட்டலுக்கு வா. இரண்டு நாள் உன்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். கட்டில் எனக்கு, சோபா உனக்கு.

சியாலா

*

போத்தி,
11 செப்டம்பர்

அன்புச் சியாலாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தம்பி வீட்டில் எல்லோருக்கும் ஒயின் ஊற்றினேன். சோபா சம்மதம். தரை என்றாலும் சம்மதம்தான், ஆனால் அதை நீ பிடித்துக்கொள்ளாதே.

இரண்டு நாள் எதற்கு, முதல் நாள் இரவே உனக்குத் தெரிந்துவிடும். அறுவடைக் காலம். ஹோட்டல்காரர்கள் நீள மேசை போடாமல் இருக்க மாட்டார்கள். மேசை போட்டால் அதை நடத்தத் தமாதா வேண்டும். ஒவ்வொரு வாழ்த்தாகச் சொல்லிக் கோப்பையை உயர்த்தவும், யார் எப்போது பேசுவது என்று பார்த்துக்கொள்ளவும் என்னை விட்டால் ஆள் யார்? போன மாதம் இங்கே ஒரு கல்யாணத்தில் இருநூறு பேரை விடியும்வரை கட்டிப்போட்டேன்.

நேரில் உட்கார்ந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது, உனக்குத் தெரியும். கோப்பை கையில் இருந்தால் எழும். உன்னைப் பற்றி என்ன சொல்கிறேன் என்று கேள்.

உன் ஜும்பேர்

*

போத்தி,
30 செப்டம்பர்

சியாலா,

நேற்றுதான் ஹோட்டலிலிருந்து திரும்பினேன்.

நினைத்தபடியே என்னைத் தமாதா ஆக்கினார்கள். நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று வரிசையாக வாழ்த்திவிட்டு, உனக்கென்று கோப்பையை உயர்த்தினேன். நடுவில் நீ எழுந்து போய்விட்டாய். தமாதாவிடம் அனுமதி கேட்காமல் மேசையை விட்டு எழுவதா? கூட இருந்த ஜெர்மானியர்கூடக் கழிப்பறைக்குப் போகக் கையைத் தூக்கிக் கேட்டுவிட்டுத்தான் போனார். முப்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எந்த முகத்தோடு அடுத்த வாழ்த்தைச் சொல்வேன்?

காலையில் பார்த்தால் முதல் மினி பஸ்ஸில் ஊருக்கே போய்விட்டாய். இன்னோர் இரவு பாக்கி இருந்தது. அப்படி நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஜும்பேர்

*

திபிலிசி,
6 அக்டோபர்

ஜும்பேருக்கு,

"என் சியாலா காத்திருக்கத் தெரிஞ்சவ" என்றாய். அது முதல் தப்பு. நான் காத்திருக்கவில்லை. கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனேன், சமையலறைக்குப் புது ஜன்னல் வைத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு செய்தாயே, அதுதான் என்னை எழுப்பியது. வாழ்த்தைத் தொடரச் சொல்லி யாரிடம் கொடுத்தாய்? குத்தாயிசியிலிருந்து வந்த நோட்டரி வக்கீலிடம். "வக்கீலய்யா, நீங்க சொல்லுங்க, எம் பொண்டாட்டியப் பத்தி." அந்த மனுஷன் என்னைப் பார்த்தே ரெண்டு மணி நேரம்தான் ஆகிறது. "நல்ல அம்மா. நல்லா ரசிச்சுச் சாப்பிடுறாங்க" என்றார் பாவம். நான் உன் பக்கத்து நாற்காலியில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன், ஜும்பேர். என்னிடம் கொடுக்க உனக்குத் தோன்றவில்லை.

கேட்காமல் எழுந்தது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்தேன். பாதி சாப்பிட்ட தட்டையும் காலி நாற்காலியையும் ஊரே பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும். நான்கு வருடத்துக்கு முன் நீ சொல்லாமல் வீட்டை விட்டுப் போன அன்று நான் கடையிலிருந்து வந்தபோது அடுப்பில் பீன்ஸ் அப்போதுதான் கொதித்து அடங்கியிருந்தது. உன் கோட்டுகள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "துறைமுகத்துல வேலை கெடைச்சிருக்கு" என்று நானாகவே ஒரு பொய் சொன்னேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

சியாலா

*

போத்தி,
13 அக்டோபர்

சியாலா,

நாலு நாள் பதில் எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். தம்பியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அண்ணி சொல்றதுல என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு அவன் டிவி பார்க்கப் போய்விட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். வீட்டை விட்டுப் போன அன்றைக்கு உன்னிடம் கேட்டிருந்தால் நீ போகாதே என்று சொல்லியிருப்பாய். நீ சொன்னால் நான் இருந்துவிடுவேன். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. இருக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். வேறு பெண் இல்லை, வேறு காரணமும் இல்லை.

இப்போது இஷ்டமாக இருக்கிறது. வரட்டுமா? வாழ்த்தை உன் கையில் கொடுத்துவிட்டேன். நீயே சொல்.

ஜும்பேர்

*

திபிலிசி,
20 அக்டோபர்

அன்புள்ள ஜும்பேர்,

ஆமாம், போகாதே என்றுதான் சொல்லியிருப்பேன். அழுதும் இருப்பேன். நீ உண்மையை எழுதியதற்கு நன்றி. நான்கு வருடமாக அந்த ஒரு வரிக்காகத்தான் உன் மேல் எரிந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது, படித்ததும் அடங்கிவிட்டது. கூடவே, நீ வர வேண்டும் என்ற எண்ணமும் அடங்கிவிட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை.

மேசையை விட்டுப் போகிறவனைத் தமாதா சும்மா அனுப்புவதில்லை. அவனுக்கென்று ஒரு வாழ்த்து சொல்லித்தான் அனுப்ப வேண்டும். நீ அதை வாங்காமல் போய்விட்டாய். மேசை இப்போது என்னுடையது, சொல்கிறேன்.

கரண்ட் இல்லாத அந்தக் குளிர்காலத்தில், ரொட்டி வரிசையில் நின்ற தெருவையே சிரிக்க வைத்தவன் இவன். ஷோரேனாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டவன். என் அப்பாவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன். இவனோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

கோப்பையைக் காலி செய்துவிட்டேன். நீ எழுந்து போகலாம்.

சியாலா