கத்தியைக் கீழே வைத்தவள்

பேசாலை
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் றொட்னிக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். இங்கே மூவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. காற்று பலம், நான்கு நாளாகக் கடலுக்குப் போகவில்லை. ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதி, ஞாயிறு கட்டாருக்கு வரும் சிலாவத்துறை அஸ்மியிடம் கொடுக்கிறேன்.

டினோஜா விடுதலை. நேற்று நீதவான் சொல்லிவிட்டார். ஆனால் நீ அவளிடம் கேட்டது வேறு. "அடிச்சதை ஏன் கோட்டில ஒத்துக்கொண்டனீ, ஊரே சிரிக்குது" என்றாயாம். உன் மனைவிக்காக நான் பதில் சொல்கிறேன். முதலில் உன்னைப்போல நினைத்தவன் நான்தான்.

அன்று அவள் கருவாட்டுப் பந்தலில் தனியாக மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ் லொறி ஓட்டும் ஜெயரூபன் குடித்துவிட்டு வந்து அவளின் இடது கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். தடியால் அடித்தாள். ஒரே அடி. மணிக்கட்டு முறிந்து அவன் பொலிசுக்குப் போனான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மீன் வெட்டிய கத்தியை உப்புக் குவியலுக்குள் புதைத்தேன். கண்டால் வெட்ட வந்தவள் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். "அவன் தானா விழுந்தவன் எண்டு சொல்லு பிள்ளை" என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் சட்டத்தரணி றினோஸா, எருக்கலம்பிட்டிப் பிள்ளை, உன்னைவிட வயது குறைவு. அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஐயா, அடிச்சனான் எண்டு சொன்னாத்தான் ஏன் அடிச்சனான் எண்டு சொல்லலாம்" என்றார். தற்காப்பு என்றால் அதுதானாம். பிறகு அவளைப் பார்த்து, "வலது கையில என்ன இருந்தது?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். "கத்தி. அதைக் கீழ போட்டிட்டுத்தான் தடியை எடுத்தனான்" என்றாள் டினோஜா. றினோஸாவின் பேனை நின்றுவிட்டது. அவளைக் காப்பாற்றக்கூடியதைத்தான் நான் புதைத்திருந்தேன்.

அதையும் கூண்டில் ஏறிச் சொன்னேன். எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி, "கத்தியை ஒளிச்ச ஆளை நம்பச் சொல்லுறியளோ?" என்றார். "ஒளிச்சதையும் நான்தானே ஐயா சொல்லுறன்" என்றேன். நீதவானே சிரித்துவிட்டார்.

றினோஸா குரலை உயர்த்தவே இல்லை. காயப்படுத்த நினைத்தவள் கத்தியை விட்டிருக்க மாட்டாள், கையை விடுவிக்க நினைத்தவள் தடியை எடுத்தாள், அவன் விட்டதும் அவளும் நிறுத்தினாள் என்றார். அவ்வளவுதான். அடித்தீரா என்று நீதவான் டினோஜாவைக் கேட்டபோது, "ஓம், அடிச்சனான்" என்றாள். தலை குனியவில்லை. அந்த ஓம் எனக்கு வந்திராது மகன்.

நேற்றுப் பின்னேரம் நீ அனுப்பிய குரல்பதிவை எங்களுக்கும் போட்டுக் காட்டினாள். "நடந்தது நடந்துபோச்சு, மன்னிச்சிட்டன்." கேட்டு முடிந்ததும் அழித்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடு, பூசையை விடாதே. ஆண்டவர் உன்னோடு இருப்பார். ஒன்றை மறக்காதே: அவளிடம் மன்னிப்பு நான் கேட்டுவிட்டேன். நீ இன்னும் கேட்கவில்லை.

உன் அப்பா
அமிர்தநாயகம்