ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம், மாப்ளே

என் பிரியமுள்ள ஆல்பர்ட் மாப்ளே,

உன் கல்லறைப் பக்கம் காக்கா சத்தம்கூடக் கேட்பதில்லை என்று என் தங்கச்சி ரீட்டா சொல்கிறாள். பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் கத்திக் கத்திப் பேசிய ஆள் நீ. அங்கே உனக்கு எப்படிப் பொழுது போகிறது?

சேதி ஒன்று இருக்கிறது. பனி ஸ்கூட்டர் மறுபடியும் வந்தது. அதே வண்டி இல்லை, அதன் தம்பி. நம் பிலோதான் அனுப்பினாள். ஆஸ்டின் டவுன் கோயிலில் உன்னோடு பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பிலோ, ஹிமாச்சலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் அங்கேயே தங்கிவிட்டாளே, அவளேதான். பனி விழுந்து ரோடு அடைத்துக்கொண்டால் நோயாளியைப் பின்னால் உட்காரவைத்து இந்த வண்டியில்தான் கீழே இறக்குகிறாள், இன்னமும்.

முதல் வண்டி லாரியிலிருந்து இறங்கிய அன்று உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சக்கரமே இல்லை. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சீட்டுக்கு அடியில் அகலமாக ஒரு ரப்பர் பெல்ட். பக்கத்து ஷெட் மஞ்சுநாத் வந்து, "ஏன்ரி, பீன்யாதல்லி ஐஸ் பீளுத்தா?" என்று கன்னடத்தில் கேட்டார், பீன்யாவில் ஐஸ் விழுமா என்று. நம் இரண்டு பேருக்கும் ஐஸ் என்றால் ஃப்ரிட்ஜில் இருப்பதுதான் தெரியும். ஆனாலும் நீ மாட்டேன் என்று சொல்லவில்லை.

பிலோ கேட்டது பெரிய விஷயம் இல்லை. மேடு பள்ளத்தில் நோயாளிக்கு அடி விழுகிறது, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நீளமான ஷாக் அப்சார்பர் போட்டுக் கொடுங்கள் என்றாள். அங்கே ஒரு மெக்கானிக் ஏற்கெனவே அப்படித் தூக்கியிருந்தார். தூக்கியதில் புது போல்ட்டுகளின் வால் பெல்ட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய குழியில் வண்டி இறங்கியபோது பெல்ட் அதில் மாட்டிக் கிழிந்தது. பின்னால் ஒரு கிழவர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, ஊர்க்காரர்கள் வந்து தூக்கும்வரை பிலோ பனியில் நின்றிருக்கிறாள். போனில் அதைச் சொல்லும்போது அவள் அழுததை நீ என்னிடம் சொன்னாய்.

நாம் கன்வேயர் பெல்ட் ஆட்கள். பெல்ட் என்றால் முறுக்காக இருக்க வேண்டும், அதுதான் நமக்குத் தெரிந்த வேதம். நான் பாட்டுக்கு இழுத்து முறுக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட்டும் பண்ணிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பெல்ட்டைத் தாங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பனிதான் எண்ணெய், பனிதான் தண்ணீர் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நீ கேனோடு ஓடி வந்து காவேரித் தண்ணீரை மொத்தமும் அதன் தலையில் கொட்டினாய்.

"டேய் மச்சான், நீ லூஸு, பெல்ட்டு டைட்டு! ரெண்டும் மாறி இருக்கணும்டா!"

மஞ்சுநாத் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்னாலிருந்தே நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டாய். இப்போது என்னை லூஸு என்று கூப்பிட ஒரு ஆள் இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தத் தடவை நான் தனி. போன தடவை மாதிரியே பின்பக்கத்தைத் தூக்கினேன். பெல்ட்டை நீ செய்த மாதிரியே கொஞ்சம் தொங்கலாக விட்டேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றினேன். ஸ்பிரிங் இருந்தால் வண்டி முழுசாக அமுங்காது, அமுங்காவிட்டால் எது எங்கே இடிக்கும் என்று தெரியாது, இல்லையா? போல்ட் முனைகளில் சிவப்பு ரங்கோலிப் பொடியைக் குழைத்துத் தடவினேன். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, பெல்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன். ரப்பரில் பொட்டுச் சிவப்பு இல்லை. லாரிக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

அப்போதுதான் ரீட்டா வந்தாள். உன்னை அடக்கம் பண்ணியதிலிருந்து அவள் ஷெட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. உன் மூக்குக் கண்ணாடி மேஜை டிராயரில் இருக்கிறது, அதை எடுத்துப் போக வந்தேன் என்றாள். வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணா, என்ன உக்கார வெக்கலயா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போன வாட்டி அவரு என்ன உக்கார வெச்சாரே. நீ எஸ்.ஜே.பி. ரோட்டுக்கு போல்ட் வாங்கப் போயிருந்த. பின்னாடி கட்டை முட்டுக் குடுத்துட்டு, முன்னாடி உக்காருன்னாரு. அப்பறம் முன்னாடி கட்டை வெச்சுட்டு, பின்னாடி போன்னாரு. நான் என்ன எடைக்கல்லான்னு சண்ட போட்டேன். வண்டி எப்பவும் நேரா குழில விழுமா ரீட்டா, ஒரு பக்கந்தான் மொதல்ல விழும்னாரு."

இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே, மாப்ளே! சொல்ல மறந்தாயா, எனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தாயா?

கட்டை வைத்தேன். ரீட்டா சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முன்பக்கம் மட்டும் இறங்கியது. பெல்ட்டைச் சுற்றினேன். ஓரத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பிலோ மறுபடியும் பனியில் நிற்கிற மாதிரி கண் முன்னால் வந்துபோனது.

பெல்ட்டுக்குள் முன்பக்கத்தைத் தாங்குகிற இரும்புக் கையைப் பிடிக்கிற போல்ட் அது. கழற்றித் திருப்பிப் போட்டேன், தலை பெல்ட் பக்கம், நட்டு வெளிப்பக்கம். நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்தேன். ரீட்டா இறங்கவே இல்லை. முன்னால், பின்னால், மறுபடி முன்னால் என்று அவளே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். கோடு விழவில்லை என்று நான் சொன்னதும் சிரித்தாள். அப்புறம் அந்த சீட்டிலேயே கவிழ்ந்து, "என்ன இப்பிடி உக்கார வெச்சுட்டு அந்த ஆளு போயிட்டாரே அண்ணா" என்று அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நானும் அழுதேன். மஞ்சுநாத் வாசல்வரை வந்துவிட்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

ஸ்பிரிங்கை மாட்டி வண்டியை அனுப்பிவைத்தோம். போன வாரம் பிலோ கூப்பிட்டாள். அங்கே பனி கொட்டுகிறதாம். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். வழியில் பழைய குழியைவிடப் பெரிய குழி. தாயும் பிள்ளையும் சுகம். வண்டியைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தாளாம், பெல்ட்டில் ஒரு கீறல் இல்லையாம்.

"யாரு செக் பண்ணது, சேவியர்? நீ ஒரே ஆளாவா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரீட்டா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாங்க மூணு பேருந்தான் பிலோ."

சத்தியமாகச் சொல்கிறேன், மாப்ளே. இனி எந்த வண்டி வந்தாலும் ரீட்டா ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் ஷெட்டை விட்டுப் போகும்.

உன் தங்கமான பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
சேவியர்